புதிதாக வரும் பராமரிப்பு ஊழியர்களுக்கு மருந்துப் பாதுகாப்பை எப்படிப் பழக்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வடக்குத்_தாதி | செவ்வாய், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் தாதிமை இல்லம் ஒன்றில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். அடுத்த மாதம் எங்கள் மாடிக்குப் பராமரிப்பு உதவியாளர்கள் ஆறு பேர் புதிதாக வருகிறார்கள். மூன்று பேர் மியன்மார், இரண்டு பேர் தமிழ்நாடு, ஒருவர் பிலிப்பீன்ஸ். மருந்துப் பாதுகாப்புப் பயிற்சியை நீங்களே நடத்துங்கள் என்று மேலாளர் என்னிடம் கொடுத்துவிட்டார்.

இதுவரை நடந்த பயிற்சி நாற்பது ஸ்லைடு. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். அப்புறம் பத்துக் கேள்வி, ஒரு கையெழுத்து, ஒரு சான்றிதழ். நானும் அப்படித்தான் படித்தேன். அந்த ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதெல்லாம் மனப்பாடமாக இருந்தபோதுதான் நான் தவறும் செய்தேன்.

வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். அப்போது வேறோர் இல்லம். ஒரே பெயரில் இரண்டு பாட்டிகள், அடுத்தடுத்த படுக்கை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடம் போய்ப் பெயரைச் சொல்லி, "நீங்கதானே பாட்டி?" என்று கேட்டேன். தலையாட்டினார். காது சரியாகக் கேட்காதவர், எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். அது மற்ற பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனதும் தெரிந்துவிட்டது. கை நடுங்கியது. ஆனால் உடனே யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது, ஒரு மாத்திரைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சுற்றி வந்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். நாற்பது நிமிடம் கழித்துத்தான் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அதற்குள் பாட்டிக்குத் தலைசுற்றல் வந்திருந்தது. இரவு முழுக்கப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்தோம். விடியற்காலையில் பாட்டி எழுந்து தேநீர் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆளை மாற்றிக் கொடுத்ததைவிட அந்த நாற்பது நிமிடம்தான் இன்றும் என்னை வாட்டுகிறது. புதிதாக வரும் ஆறு பேருக்கும் அந்த நாற்பது நிமிடம் வராமல் இருக்க என்ன செய்யலாம்? ஸ்லைடில் எழுதிக் காட்டினால் அது வராது என்று தெரியும். வேறு எப்படி?

---

பொங்கோல்_அம்மா | செவ்வாய், இரவு 11.15

படிக்கும்போதே மனம் கனத்துவிட்டது அக்கா. ஒரு சந்தேகம். தாதிமை இல்லத்தில் மருந்து கொடுப்பது தாதியர்தானே? உதவியாளர்களுக்கு எதற்கு இந்தப் பயிற்சி?

---

வடக்குத்_தாதி | புதன், காலை 6.05

நல்ல கேள்வி மா. எங்கள் இல்லத்தில் மருந்து வண்டியின் சாவி தாதியிடம்தான் இருக்கும். உதவியாளர் தானாக மாத்திரை எடுத்துக் கொடுக்க முடியாது. ஆனால் நடப்பதைப் பாருங்கள். தாத்தாவை நிமிர்த்தி உட்கார வைப்பது உதவியாளர். விழுங்கச் சிரமப்படுபவருக்காகக் கெட்டியாக்கிய தண்ணீரைக் கரண்டியால் ஊட்டுவது அவர். விழுங்கினாரா, கடைவாயில் ஒதுக்கினாரா என்று பார்ப்பது அவர். போர்வையை உதறும்போது மாத்திரை கீழே விழுந்தால் அதைப் பார்ப்பதும் அவர்தான். பாட்டி இன்று வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குகிறார் என்று முதலில் கவனிப்பவரும் அவரே. ஒரு தாதிக்கு ஒரு வேளையில் முப்பது பேர். உதவியாளர்தான் பக்கத்திலேயே இருக்கிறார்.

வீட்டிலோ நிலைமை இன்னும் கடினம். பணிப்பெண்தான் மாத்திரைப் பெட்டியை நிரப்புகிறார், அவரே ஊசியும் போடுகிறார். மேற்பார்வைக்கு யாரும் இல்லை.

---

மருந்துப்பெட்டி | புதன், மதியம் 1.20

நான் மருந்தாளர். இல்லங்களுக்கும் போய்ப் பார்ப்பதுண்டு. என் அனுபவத்தில் பொதுவான விதிகளைச் சொல்வதைவிட, ஆபத்தான நான்கைந்து இடங்களை ஆழமாகக் காட்டுவதுதான் பலன் தருகிறது.

முதலாவது, நசுக்குவது. விழுங்கச் சிரமப்படுகிறார் என்றால் எல்லா மாத்திரையையும் சேர்த்துப் பொடியாக்கிக் கஞ்சியில் கலப்பது பல இடங்களில் பழக்கம். பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர், எஸ்ஆர், எல்ஏ என்ற எழுத்துகள் இருந்தால் அது மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை. நிஃபெடிபின் எல்ஏ மாத்திரையைப் பொடியாக்கினால் நாள் முழுக்கப் பிரிந்து போக வேண்டிய மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கும், அழுத்தம் சட்டென்று விழும். குடலில் போய்க் கரைவதற்காக உறை போட்ட மாத்திரைகளும் உண்டு. அவற்றையும் நசுக்கக் கூடாது. மூக்கு வழிக் குழாய் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகக் கரைத்துக் கொடுத்து, இடையில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். மொத்தமாகக் கலந்து தள்ளினால் குழாய் அடைத்துக்கொள்ளும், மருந்தோடு மருந்து சேரும். நசுக்கும் கல்லைக் கையில் எடுப்பதற்கு முன் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதே மருந்து திரவமாகவும் கிடைக்கலாம்.

இரண்டாவது, வாரம் ஒரு முறை மருந்துகள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். அதைத் தினமும் கொடுத்து உயிர் போன சம்பவங்கள் உலகில் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. எலும்பு மஜ்ஜை அடங்கிப் போகும்; முதலில் வாய்ப்புண்தான் தெரியும். அதோடு சேர்த்துக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைதான், பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். எந்தக் கிழமை என்று பெட்டியின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேட்டும் வாரம் ஒரு முறை வருவதுதான். அதற்கு வேறு நிபந்தனை உண்டு: காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் தண்ணீரோடு, பிறகு அரை மணி நேரம் படுக்கவே கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். படுக்கையிலேயே இருக்கும் பாட்டிக்கு அதைக் கொடுக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரிடம் திரும்பக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாள். வீட்டில் நோர்வாஸ்க் இருக்கும். மருத்துவமனைப் பையில் அம்லோடிபின் இருக்கும். இரண்டும் ஒரே மருந்து. இரண்டையும் கொடுத்தால் இரட்டை அளவு. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல், தவிர்க்கக்கூடிய கடுமையான மருந்துத் தீங்கை ஐந்து ஆண்டில் பாதியாகக் குறைப்போம் என்று ஓர் இயக்கம் தொடங்கியபோது மூன்று இடங்களை முதலில் கவனிக்கச் சொன்னது: ஆபத்து அதிகமான சூழல், ஒருவரே பல மருந்து எடுப்பது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நோயாளி மாறுவது. நம் பெரியவர்கள் பலருக்கு இந்த மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. திரும்பி வந்த அன்றே பழைய மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டுத் தனியாக எடுத்து வையுங்கள். புதிய பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகுதான் எதையும் கொடுக்க வேண்டும்.

பனடோலையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலுக்கு ஒன்று, சளி மருந்துக்குள் ஒளிந்திருப்பது ஒன்று, தசைவலி மாத்திரைக்குள் ஒன்று என மூன்று பெயரில் ஒரே பாராசிட்டமால் உள்ளே போகும். நல்ல உடல்நிலை உள்ள பெரியவருக்கே ஒரு நாளில் 4 கிராம்தான் உச்சம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. எடை குறைந்த முதியவர்களுக்கு அதைவிடக் குறைவு.

---

பயிற்சியாளன் | புதன், மாலை 6.50

பராமரிப்புத் துறையில் பயிற்சி நடத்துபவன் நான். மருந்தாளர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தை நேராகப் பேச வேண்டும். மருந்துச் சீட்டு, மருந்துப் பதிவேடு, கைமாற்றுக் குறிப்பு எல்லாம் ஆங்கிலத்தில்தான். அதனால் பயிற்சியும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தாய்மொழியில் சொல்லிக் கொடுத்தால் புரிந்த மாதிரி இருக்கும், ஆனால் பதிவேட்டின் முன்னால் நிற்கும்போது தடுமாறுவார்கள். ஓஎம் என்றால் காலை, ஓஎன் என்றால் இரவு, பிடி என்றால் இரண்டு வேளை, பிஆர்என் என்றால் தேவைப்பட்டால் மட்டும். இவற்றை மொழிபெயர்த்துப் படிக்க நேரம் கிடையாது.

இன்னொன்று. ஆறு பேர் கொண்ட குழு என்றால் எனக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதற்குமேல் ஆட்களை மாடியிலிருந்து விடமாட்டார்கள்; அங்கே ஆள் இல்லை.

---

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | புதன், இரவு 9.30

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். எழுத்தை ஆங்கிலத்தில் படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் ஏன் என்ற காரணம் தாய்மொழியில்தான் மனதில் இறங்கும். "பிஆர்என் என்றால் தேவைப்பட்டால்" என்று மனப்பாடம் செய்த ஒரு பெண், தாத்தா தூக்க மாத்திரை கேட்டார் என்று ஒரே இரவில் இரண்டு முறை கொடுக்கப் போனதை நான் பார்த்திருக்கிறேன். தேவை யாருக்கு, எத்தனை மணி நேர இடைவெளி, ஒரு நாளில் எத்தனை என்பதை அவளுக்கு யாரும் அவள் மொழியில் விளக்கவில்லை. நல்லவேளை, கொடுப்பதற்கு முன் கேட்டாள்.

எங்கள் காலத்தில் தாதியர் பயிற்சி அவுட்ரமில் நடந்தது. 1992இல்தான் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமாவாக வந்தது. எனக்குக் கற்றுக் கொடுத்த சிஸ்டர் வகுப்பில் அதிகம் பேசமாட்டார். மருந்து வண்டி தள்ளும்போது பின்னாலேயே வருவார். பெயர்ச்சீட்டை மூன்று முறை படிக்க வைப்பார்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, குவளையில் போடும்போது, திரும்ப வைக்கும்போது. மூன்றாவது முறை நான் படிக்காமல் வைத்தால் கையைப் பிடித்து நிறுத்துவார். திட்டமாட்டார். நிறுத்துவார், அவ்வளவுதான். நாற்பது வருடம் கழிந்தும் என் கை தானாக நிற்கிறது.

இப்போது இல்லங்களில் என்னைப் பயமுறுத்துவது முன்கூட்டியே எடுத்து வைப்பது. காலை ஆறு மணிக்கே பதினைந்து குவளையில் மாத்திரை போட்டு, படுக்கை எண் எழுதி, தட்டில் அடுக்கி வைப்பார்கள். நேரம் மிச்சமாம். குவளைக்குள் விழுந்த பிறகு மாத்திரைக்குப் பெயர் ஏது? தட்டு ஒரு முறை சாய்ந்தால் போதும். எடுத்தவர்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான். வண்டி தள்ளும்போது தொலைபேசியை எடுக்கச் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. சில மருத்துவமனைகளில் அந்த நேரத்தில் தாதியர் ஒரு சட்டை போட்டிருப்பார்கள், தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதியிருக்கும். இல்லங்களிலும் அதைச் செய்யலாம், ஒரு துணிக்கான செலவுதான்.

வடக்குத் தாதி, உன் நாற்பது நிமிடத்தைப் பற்றி: நீ ஆறு பேருக்கும் முதல் நாளே அந்தக் கதையைச் சொல். பதினாறு வருட அனுபவம் உள்ளவள் சொன்னால்தான் அவர்களுக்கு வாய் திறக்கும்.

---

ஜூரோங்_மகன் | வியாழன், அதிகாலை 12.45

தூக்கம் வரவில்லை. இந்த இழையைப் படித்ததிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

அப்பாவுக்குப் பக்கவாதம், நீரிழிவும் உண்டு. காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். எங்கள் வீட்டுப் பணிப்பெண்தான் ஊசி போடுவார். மருத்துவமனையில் தாதி அவருக்கு அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான் பயிற்சி.

ஒரு திங்கட்கிழமை, இரவு மாத்திரை ஒன்றை மறந்துவிட்டேன் என்று அவர் என்னிடம் வந்து சொன்னார். நான் கத்தினேன். வேலைக் களைப்பு என்றெல்லாம் காரணம் சொல்லலாம். அதே வாரம் வெள்ளிக்கிழமை மாலை அவர் ஊசி போட்டுவிட்டார். அப்பா குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று அடம் பிடித்திருக்கிறார். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. வியர்த்துக் கொட்டி, என்ன பேசுகிறார் என்றே புரியாமல் உளற ஆரம்பித்திருக்கிறார். பணிப்பெண் என்னைக் கூப்பிடவில்லை. ஈசூனில் வேலை செய்யும் தன் தோழியை முதலில் கூப்பிட்டார். அந்தத் தோழிதான் "உடனே சர்க்கரை அளந்து பார், ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடு" என்று சொல்லியிருக்கிறார். அளவு 2.9 மில்லிமோல், ரொம்பக் குறைவு. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார்.

ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று பிறகு கேட்டேன். "ஐயா திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சு" என்றார். அந்தத் தாமதத்துக்கு நான்தான் காரணம். அவருக்கு யார் என்ன பயிற்சி கொடுத்திருந்தாலும் திங்கட்கிழமை நான் கத்தியதில் அது அழிந்து போயிருக்கும்.

---

மருந்துப்பெட்டி | வியாழன், காலை 8.10

இதை எழுதியதற்கு நன்றி தம்பி. வீட்டில் இன்சுலின் போடும் மற்றவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். சாப்பாடு மேசையில் வந்த பிறகு ஊசி. அளவு 4க்குக் கீழே போனால், நினைவு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்ப அளக்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 995தான்.

எண்ணை எழுதும்போது "யூனிட்" என்று முழுதாக எழுதுங்கள். 4க்குப் பக்கத்தில் வெறும் "யூ" எழுத்தை ஆங்கிலத்தில் எழுதினால் அவசரத்தில் அது 40 போலத் தெரியும். இந்த ஒரு எழுத்தால் உலகெங்கும் பலர் பத்து மடங்கு இன்சுலின் வாங்கியிருக்கிறார்கள்.

இன்சுலின் மட்டும் இல்லை. சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளும் சாப்பிடாமல் போட்டால் இதைச் செய்யும். நம் பாட்டிமார்களிடம் வெள்ளிக்கிழமை விரதம், புரட்டாசி சனி பற்றிக் கேட்டு வையுங்கள். விரதம் இருப்பதை மருத்துவரிடம் சொல்லமாட்டார்கள், மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார்கள். சிராங்கூன் ரோட்டில் வாங்கிய, சர்க்கரை நோய்க்கான நாட்டு மருந்துப் பொடியும் அலமாரியில் இருக்கலாம். கோபப்படாமல் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

---

தஞ்சாவூர்ப்பெண் | ஞாயிறு, மதியம் 2.30

எல்லோருக்கும் வணக்கம். நான் வீட்டு வேலைக்கு வந்தவள். மூன்று வருடமாக ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஜூரோங் அண்ணன் எழுதியதைப் படித்ததும் தைரியம் வந்தது.

நான் வந்த இரண்டாவது நாள் பாட்டியைக் குளிக்க வைத்தேன். முதுகில் மூன்று ஒட்டுப்பட்டை ஒட்டியிருந்தது. மறதி நோய்க்கு ஒட்டும் மருந்து. எனக்கு அது மருந்து என்றே தெரியாது, வலிக்கு ஒட்டியது என்று நினைத்தேன். பாட்டி ஒரு வாரமாகச் சாப்பிடாமல், வாந்தி எடுத்துக்கொண்டு இருந்தார்கள். எல்லோரும் வயிற்றுக் கோளாறு என்றார்கள். மூன்று எதற்கு என்று மேடத்திடம் கேட்டேன். மேடம் பெட்டியைப் படித்துப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒன்று ஒட்டி, பழையதை எடுக்க வேண்டுமாம். முன்னால் இருந்த அக்காவுக்கு ஒட்டத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், எடுக்கச் சொல்லவே இல்லை. எடுத்ததும் இரண்டு நாளில் பாட்டி ரசம் சாதம் சாப்பிட்டார்கள்.

இப்போது ஒரு நோட்டில் பாட்டியின் முதுகைப் படமாக வரைந்து வைத்திருக்கிறேன். இன்று எந்த இடம், எத்தனை மணி என்று குறிப்பேன். பழையதைக் கையில் எடுத்து மடித்துப் போட்ட பிறகுதான் புதியதைப் பிரிப்பேன். இது சரியா?

---

மருந்துப்பெட்டி | ஞாயிறு, மாலை 4.00

மிகச் சரி மா. நீங்கள் கேட்ட ஒரு கேள்வி அந்தப் பாட்டியைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த வகைப் பட்டையை அதே இடத்தில் 14 நாளுக்குள் திரும்ப ஒட்டக் கூடாது. உங்கள் படம் அதற்கும் உதவும். ஒட்டிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம். புற்றுநோய் வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டை வேறு. அதை வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

---

பயிற்சியாளன் | ஞாயிறு, இரவு 8.20

தஞ்சாவூர்ப்பெண் எழுதியதை மூன்று முறை படித்தேன். என் ஸ்லைடில் "பட்டையை ஒட்டும் முறை" என்று ஏழு படிகள் இருக்கின்றன. பழையதை எடுப்பது அதில் இரண்டாவது படி, ஒரே ஒரு வரி. அந்த வரியைச் சொல்லும்போது நான் நின்றதே இல்லை.

மொழி விஷயத்தில் மிஸ்ஸி அம்மா சொன்னதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: படிப்பது ஆங்கிலம், விளக்கம் தாய்மொழி, பிறகு அவர்களே தங்கள் மொழியில் திரும்பச் சொல்ல வேண்டும். மியன்மார் ஊழியர்களுக்கு மாடியிலேயே மூத்தவர் ஒருவரை உட்கார வைக்கலாம். ஆனால் இரண்டு மணி நேரம் போதாது என்பதில் நான் மாறவில்லை. நிர்வாகம் நேரம் தராமல் ஊழியரைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

---

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | ஞாயிறு, இரவு 9.05

இரண்டு மணி நேரத்தையும் ஒரே நாளில் செலவழிக்காதீர்கள் தம்பி. தினமும் பத்து நிமிடம், வண்டிக்குப் பக்கத்திலேயே, ஒரே ஒரு மருந்து. பன்னிரண்டு நாள் வரும். தூக்கம் வராது, ஆளை மாடியிலிருந்து எடுக்கவும் வேண்டாம்.

---

வடக்குத்_தாதி | ஐந்து வாரம் கழித்து, சனி, இரவு 10.10

மன்னியுங்கள், வேலையில் மூழ்கிவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மிஸ்ஸி அம்மா சொன்னபடி முதல் நாள் ஸ்லைடே போடவில்லை. அந்த நாற்பது நிமிடத்தைச் சொன்னேன். மேலாளரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருந்தேன். தவறைச் சொன்னதற்காக யாரையும் தண்டிக்கமாட்டோம், மறைத்தால்தான் பிரச்சினை என்று அவரே தன் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சொன்னார்.

அடுத்து ஒரு பயிற்சி. ஒவ்வொருவரும் எழுந்து என் முன்னால் வந்து, "நான் தவறு செய்துவிட்டேன், இந்த ஆள், இந்த மருந்து, இத்தனை மணிக்கு" என்று முதலில் தங்கள் மொழியில், பிறகு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. மியன்மார் பெண் ஒருவர் நின்றார், வாய் வரவில்லை. கண் கலங்கியது. ஊரில் மூத்தவர்களிடம் இப்படிப் பேசிப் பழக்கமில்லை என்று மற்றவர் விளக்கினார். நாங்கள் காத்திருந்தோம். மூன்றாவது முறை முழுதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம்.

அப்புறம் தினமும் பத்து நிமிடம். பல நிற மிட்டாய்களை வாங்கி மாத்திரையாக வைத்துக்கொண்டோம். காலி அட்டைகளை மருந்தாளரிடம் கேட்டு வாங்கினேன். "நீங்கதானே?" என்று கேட்கவே கூடாது, "உங்க பேரு என்ன?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாதவர் என்றால் கைப்பட்டையும் பதிவேட்டில் உள்ள புகைப்படமும். என்னையே காது கேட்காத பாட்டியாக உட்கார வைத்துப் பழகினார்கள்.

நான்காவது வாரம், காலை ஆறு மணி. அதே மியன்மார் பெண் உள்ளங்கையில் ஒரு நீல மாத்திரையோடு என்னிடம் ஓடி வந்தார். ஒரு தாத்தாவின் போர்வை மடிப்பில் இருந்ததாம். பார்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வார்ஃபரின், 3 மில்லிகிராம், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. அந்தத் தாத்தாவின் ரத்தப் பரிசோதனை முடிவு இரண்டு வாரமாகக் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. மருந்து போதவில்லை என்று நினைத்து, அன்று வரும் மருத்துவர் அளவைக் கூட்டுவதாக இருந்தார். தாத்தா கடைவாயில் ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு துப்பியிருக்கிறார். கசப்பாம். கூட்டிய அளவை நாங்கள் நின்று முழுதாக விழுங்க வைத்திருந்தால் ரத்தப்போக்கு வந்திருக்கலாம்.

மருத்துவரிடம் சொன்னோம். பழைய அளவே தொடர்கிறது. இப்போது உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கரண்டி தயிரோடு கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுகிறார். அந்த மாத்திரையை நசுக்கலாமா என்று என்னிடம் கேட்டதும் அந்தப் பெண்தான். மருந்தாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

---

ஜூரோங்_மகன் | சனி, இரவு 10.55

அக்கா, எங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு தொடங்கியிருக்கிறோம். பராமரிப்பாளர் பயிற்சி மானியம் பற்றி ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் விசாரித்தேன். பணிப்பெண்ணையும் அனுப்பலாம் என்றார்கள். அவரும் நானும் சேர்ந்தே போகிறோம்.

---

தஞ்சாவூர்ப்பெண் | ஞாயிறு, காலை 11.40

அக்கா, நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரி எனக்கும் மிட்டாய் வைத்துப் பழகிப் பார்க்க ஆசை. என்னோடு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வரும் பெண்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். எல்லோருமே பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். ஒருத்திக்கு ஆங்கில எழுத்து சரியாக வராது. நாங்கள் எங்கே போய்க் கேட்பது?

---

வடக்குத்_தாதி | ஞாயிறு, மதியம் 12.15

எங்கேயும் போக வேண்டாம் மா. அடுத்த ஞாயிறு எனக்கு விடுமுறை. கோவில் சாப்பாடு முடிந்ததும் மூன்று மணிக்குப் பக்கத்து புளோக் கீழ்த்தளத்தில் உட்காரலாம். மேடத்திடம் சொல்லிவிட்டு வாருங்கள். ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் மருந்துப் பட்டியலைப் புகைப்படம் எடுத்து வரலாமா என்று வீட்டில் கேளுங்கள், பெயரை மறைத்துவிட்டு. எழுத்து வராதவரை என் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதுகுப் படம் வரைந்த நோட்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், எங்கள் மாடியில் காட்ட வேண்டும்.